ஊருக்குப் போகும்போது எந்த ப்ரீபெய்டு கார்டு?

சென்னை விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து ஓர் இளநீர் வாங்கினால், கடைக்காரர் கேட்பது ‘கேஷா, ஜிபேயா?’ என்றுதான். கார்டு என்ற பேச்சே அதில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களோ, முன்பே பணம் ஏற்றிச் செலவழிக்கும் ப்ரீபெய்டு கார்டுகளை ஏடிஎம் கட்டணத்தையும் நாணய மாற்று விகிதத்தையும் வைத்தே ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று: பணம் எப்படி உள்ளே போகும், எந்தக் கடையில் செல்லும், கிளம்பும்போது மீந்தது என்னவாகும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். தி. நகர், அண்ணா சாலைப் பக்கம் நாணய மாற்றுக் கடைகளில் ‘ஃபாரெக்ஸ் கார்டு’ என்று விற்பது இந்தியாவில் வசிப்பவர்கள் வெளிநாடு போகும்போது டாலரோ பவுண்டோ ஏற்றிக்கொண்டு போவதற்கானது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அது உதவாது. அமெரிக்க மருந்துக்கடைகளில் தொங்கும் பரிசு கார்டுகளையும் நம்பி எடுத்து வர வேண்டாம். பெரும்பாலானவற்றின் பின்புறத்தில் அமெரிக்காவுக்குள் மட்டுமே செல்லும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அங்கே பல்பொருள் அங்காடியில் ரொக்கம் கட்டி ரீசார்ஜ் செய்யும் கார்டுகள் இங்கே வேலை செய்யலாம். ஆனால் கிரீன் டாட் போன்றவற்றில் ரொக்கம் ஏற்ற 5.95 டாலர் வரை போகும். வெளிநாட்டுச் செலவுக்கு 3 சதவீதம் தனி. ஊரில் காசு தீர்ந்துவிட்டால் அந்த அங்காடிக்கு யார் போவது?

பயணத்துக்கு ஓரளவு ஏற்றவை ஆப் வழியாக இயங்கும் கார்டுகள். பிரிட்டனில் வாங்கும் வைஸ் கார்டில் மாதத்துக்கு இரண்டு முறை, மொத்தம் 200 பவுண்டு வரை ஏடிஎம்மில் இலவசமாக எடுக்கலாம். அதைத் தாண்டினால் ஒவ்வொரு முறைக்கும் 50 பென்ஸ், கூடுதல் தொகைக்கு 1.75 சதவீதம். அமெரிக்காவில் வாங்கியதில் இலவச வரம்பு 100 டாலர்தான். பிறகு முறைக்கு 1.50 டாலரும் 2 சதவீதமும். ரெவலூட்டின் அடிப்படைத் திட்டத்தில் 200 பவுண்டு அல்லது ஐந்து முறை, பிறகு 2 சதவீதம். சிங்கப்பூரின் யூட்ரிப்பில் மாதம் 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை இலவசம், பிறகு 2 சதவீதம். இவை அவ்வப்போது மாறுகின்றன, கிளம்பும் வாரத்தில் ஆப்பைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பட்டியலில் இவை மலிவாகத் தெரிந்தாலும், இங்குள்ள ஏடிஎம்மின் சொந்தக் கட்டணம் அதில் சேரவில்லை. வெளிநாட்டு கார்டு செருகினால் பல வங்கி எந்திரங்கள் ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம் பிடிக்கின்றன, திரையில் தொகையைக் காட்டிச் சம்மதமா என்று கேட்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எளிமைக்காக ஒரு பவுண்டு 100 ரூபாய் என்றும் எந்திரக் கட்டணம் 200 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். வைஸ் கார்டில் 40,000 ரூபாய் எடுக்க வேண்டும். ஒரு முறைக்குப் 10,000 மட்டும் தரும் எந்திரத்தில் நான்கு தடவை எடுத்தால் எந்திரத்துக்கு 800 ரூபாய். கார்டுக்கு, வரம்புக்கு மேற்பட்ட 200 பவுண்டில் 1.75 சதவீதமாக 3.50 பவுண்டும், கூடுதலான இரண்டு தடவைக்கு ஒரு பவுண்டும். மொத்தம் 1,250 ரூபாய். 20,000 தரும் எந்திரம் கிடைத்தால் இரண்டே தடவை, மொத்தம் 750 ரூபாய். பவுண்டை ரூபாயாக்கும் கட்டணம் இரண்டுக்கும் பொது, அது தனி. ஆக, எந்த கார்டு என்பதைவிட எந்த ஏடிஎம், எத்தனை தடவை என்பதில்தான் காசு மிச்சமாகிறது. கட்டணம் அதிகமாகத் தெரிந்தால் சம்மதம் கொடுக்காமல் கார்டை எடுத்துக்கொண்டு அடுத்த வங்கிக்கு நடக்கலாம்.

அதே திரையில் இன்னொரு கேள்வியும் வரும்: தொகையை உங்கள் நாட்டு நாணயத்தில் பிடிக்கவா, ரூபாயிலேயே பிடிக்கவா? ரூபாய் என்றே அழுத்துங்கள். பவுண்டு, டாலர், வெள்ளி என்று சொன்னால் மாற்று விகிதத்தை அந்த எந்திரக்காரர் வைப்பார், உங்கள் கார்டின் நல்ல விகிதத்துக்கு வேலையே இருக்காது. அவர் விகிதம் 5 சதவீதம் குறைவாக இருந்தாலே 40,000-க்கு 2,000 ரூபாய் போய்விடும். துணிக்கடை, ஹோட்டல்களின் ஸ்வைப் மெஷினிலும் இதே கேள்வி வரும். அங்கே ஊழியர் உங்களைக் கேட்காமலே ஒரு பட்டனைத் தட்டிவிடக்கூடும், அதனால் ரசீதில் எந்த நாணயம் அச்சாகியிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள்.

ரெவலூட் வைத்திருப்பவர்கள் கிழமையையும் கவனிக்க வேண்டும். அடிப்படைத் திட்டத்தில் வார இறுதி நாணய மாற்றுக்கு 1 சதவீதம் கூடுதல். அந்த வார இறுதி நியூயார்க் நேரப்படி வெள்ளி மாலை 5 மணி முதல் ஞாயிறு மாலை 6 மணி வரை. அங்கே கோடைக்காலமாக இருந்தால் இங்கே அது சனி அதிகாலை 2.30 முதல் திங்கள் அதிகாலை 3.30 வரை ஆகிறது, குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளும். கல்யாணப் புடவை எடுக்கக் குடும்பத்தோடு கிளம்புவது ஞாயிற்றுக்கிழமைதானே.

வெளிநாட்டு கார்டுகளில் பணம் ஏற்றச் சிக்கனமான வழி உள்ளூர் வங்கிப் பரிமாற்றம், சிங்கப்பூர் என்றால் அங்குள்ள உடனடிப் பணப் பரிமாற்ற முறையான பேநவ். கிரெடிட் கார்டிலிருந்து ஏற்றினால் பெரும்பாலும் கட்டணம் உண்டு. ஊரில் இருக்கும்போது இடறுவது கட்டணம் அல்ல, ஓடிபி. உங்கள் வங்கி அதை வெளிநாட்டு எண்ணுக்கு அனுப்பும், நீங்களோ இந்திய சிம் போட்டிருப்பீர்கள். இரண்டு சிம் போடும் போனில் பழைய எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்து, அதன் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள். குறுஞ்செய்தி பெறுவதற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் காசு கேட்பதில்லை. மூன்று வாரச் செலவின் பெரும்பகுதியைக் கிளம்பும் முன்பே ஏற்றிவிடுவது இன்னும் நிம்மதி.

இனி இளநீர்க் கடைக்கு வருவோம். ஜிபே போன்ற ஆப்கள் ஓடுவது யுபிஐ என்ற கைபேசிப் பணப் பரிமாற்ற முறையில். இந்திய வங்கிக் கணக்கே இல்லாதவர்களுக்காக அதில் வந்தது யுபிஐ ஒன் வேர்ல்டு. 2023 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தபோது ஜி20 நாட்டுப் பயணிகளுக்கு மட்டும், பெங்களூரு, மும்பை, டெல்லி விமான நிலையங்களில் தொடங்கியது. சென்னை அந்த முதல் பட்டியலில் இல்லை. 2024-ல் எல்லா நாட்டுப் பயணிகளுக்கும் விரிந்தது. கடவுச்சீட்டும் விசாவும் காட்டி கேஒய்சி என்னும் அடையாளச் சரிபார்ப்பை முடித்தால் ஒரு ப்ரீபெய்டு வாலெட் கிடைக்கும். அதில் வெளிநாட்டு நாணயத்தையோ வெளிநாட்டு கார்டையோ கொடுத்து ரூபாய் ஏற்றி, க்யூஆர் ஸ்கேன் செய்து கட்டலாம். கேஒய்சி முடித்த ப்ரீபெய்டு கணக்கில் எந்த நேரத்திலும் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

வாலெட்டில் காசு இருந்தும் சில கடைகளில் கட்ட முடியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த வாலெட் வணிகர்களுக்குக் கட்டுவதற்கு மட்டும், தனிநபருக்கு அனுப்ப முடியாது. பெட்டிக்கடை, பூக்காரம்மா, ஆட்டோக்காரர் எனப் பல இடங்களில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அவர்களுடைய சொந்தச் சேமிப்புக் கணக்குக்கானது, வணிகக் கணக்கே அல்ல. ஸ்கேன் ஆகும், பெயர் வரும், பணம் மட்டும் போகாது. பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் ஒலிப்பெட்டி வைத்த கடை என்றால் பெரும்பாலும் வணிகக் கணக்காக இருக்கும். மற்ற இடங்களுக்குச் சட்டைப்பையில் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் இருக்கட்டும்.

வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சிங்கப்பூர், பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட பத்து நாட்டுக் கைபேசி எண்களை அந்தக் கணக்குகளின் யுபிஐயோடு இணைக்க 2023 ஜனவரியில் வழி திறந்தது. வங்கி ஆவணத்தில் அதே வெளிநாட்டு எண் பதிவாகியிருக்க வேண்டும். பழைய இந்திய எண்ணே இன்னும் அங்கே கிடந்தால், முதலில் கிளைக்குப் போய் அதை மாற்றுவதில் ஒரு காலைப்பொழுது போகும்.

கணக்கும் இல்லை, வாலெட்டும் வேண்டாம் என்பவர்கள் செய்வது தம்பியையோ மச்சானையோ ஜிபே பண்ணச் சொல்வது. நடைமுறையில் இதுதான் அதிகம் நடக்கிறது, குறுகிய பயணத்துக்கு இதில் தவறும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் 2023 பிப்ரவரியில் தொடங்கிய பேநவ்–யுபிஐ இணைப்பில் உறவினரின் யுபிஐ ஐடிக்கு நேரடியாக அனுப்பலாம். நாளொன்றுக்கு உச்சவரம்பு 1,000 வெள்ளி. தொடங்கியபோது இரு பக்கமும் குறிப்பிட்ட சில வங்கிகள்தான் இருந்தன, அதனால் முதலில் பத்து வெள்ளி அனுப்பிப் பாருங்கள்.

உறவினர் பெயரில் ஓர் இந்திய ப்ரீபெய்டு கார்டு வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்றால், கேஒய்சி அளவைப் பொறுத்து அது மாறும். குறைந்த விவரம் மட்டும் கொடுத்து வாங்குவதில் இருப்பு 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ரொக்கமாக வெளியே எடுக்கவும் முடியாது. முழு கேஒய்சி என்றால் 2 லட்சம். ரொக்கமாக ஏற்றுவது மாதம் 50,000 வரைதான். வங்கி அல்லாத நிறுவனம் கொடுத்த கார்டு என்றால் ஒரு தடவைக்கு 2,000, மாதத்துக்கு 10,000 ரூபாய் ரொக்கம் எடுக்கலாம். கல்யாணத்தில் மொய்யாகக் கொடுக்கும் பரிசு கார்டு இன்னும் இறுக்கமானது: அதிகபட்சம் 10,000, திரும்ப ஏற்ற முடியாது, ரொக்கமாக்கவும் முடியாது.

சென்னைக்குள் மெட்ரோவில் சுற்றுவதாக இருந்தால் சிங்காரச் சென்னை கார்டு வாங்கலாம். 2023 ஏப்ரலில் வந்தது, மெட்ரோ கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்துகளிலும் செல்கிறது. இதில் பலர் தடுமாறும் இடம் ரீசார்ஜ். போனில் கட்டிய பணம் உடனே கார்டின் சிப்புக்குள் போவதில்லை. நிலையத்திலுள்ள எந்திரத்திலோ கவுண்டரிலோ கார்டை வைத்து இருப்பைப் புதுப்பித்தால்தான் கதவு திறக்கும். நேரமில்லை என்றால் கவுண்டரில் ரொக்கம் கொடுத்து ஏற்றுவது நேர்வழி. கார்டு தொலைந்தால் சிப்பில் இருந்த பணமும் அதோடு போயிற்று, அதனால் நூறு, இருநூறு என்று ஏற்றினால் போதும்.

வாடகைக் காரில் ஊருக்குப் போனால் சுங்கச்சாவடிக் கட்டணம் ஃபாஸ்டேகில் போகும். அது ஓட்டுநரின் ப்ரீபெய்டு கணக்கு. கிளம்பும் முன் அதில் இருப்பு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். காலியாக இருந்தால் கூடுதலாகக் கட்ட வேண்டும். 2025 நவம்பர் நடுப்பகுதியிலிருந்து யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு.

ஹோட்டலில் அறைக்கு முன்பணம் பிடித்து வைக்க ப்ரீபெய்டு கார்டைக் கொடுக்காதீர்கள். பிடித்த தொகை விடுபடச் சில நாள் ஆகும், அதுவரை அந்தப் பணம் உங்களுக்கு இல்லை. அதற்கு ஒரு கிரெடிட் கார்டு தனியாக இருக்கட்டும். நகை வாங்கும்போது கார்டுக்குக் கூடுதல் சதவீதம் உண்டா என்று பில் போடும் முன்பே கேளுங்கள். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்குச் சட்டத்தில் இடமில்லை.

விமான நிலையத்தில் நாணயம் மாற்றினால் விகிதம் போக ஜிஎஸ்டியும் உண்டு. 25,000 ரூபாய் வரை எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும் 45 ரூபாய், 1 லட்சம் வரை தொகையில் 0.18 சதவீதம். ஐம்பது ஐம்பது டாலராக மாற்றினால் ஒவ்வொரு முறையும் அந்த 45 போகும். வீட்டு அலமாரியில் பழைய 500, 1,000 ரூபாய்த் தாள்கள் கிடந்தால் அவை 2016-லேயே செல்லாதவை.

கிளம்பும்போது யுபிஐ ஒன் வேர்ல்டில் மீந்த பணத்தை வெளிநாட்டு நாணயமாகவோ, வந்த கணக்குக்கே திருப்பியோ பெறலாம். கொடுத்த நிறுவனத்தின் வழியாகத்தான் அது நடக்கும், அதனால் கடைசி நாள் ராத்திரி விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு நினைத்துக்கொள்ளாமல், இரண்டு நாள் முன்பே கேட்டுவிடுங்கள். ஏற்றியபோது கொடுத்த ரசீது கையில் இருக்க வேண்டும். மெட்ரோ கார்டில் மீந்த எண்பது ரூபாய்க்காகக் கவுண்டரில் நிற்க வேண்டாம். அண்ணன் மகளிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், காலேஜ் போக உதவும்.