ஸ்கேன் டெய்லர்: நல்ல கருவி, ஆனால் மெய்யெழுத்துப் புள்ளிகளைக் காப்பாற்றுங்கள்

பார்வையற்றவர்களுக்கும் அச்சைப் படிக்க இயலாத மற்றவர்களுக்கும் ஸ்கேன் செய்த நூல்களைத் தயாரிக்கும் தன்னார்வலர்களுக்கு ஸ்கேன் டெய்லர் அட்வான்ஸ்டு மென்பொருளைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். இலவசம், கட்டற்றது. படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரி (ஓசிஆர்) இதில் கிடையாது. அதற்குக் கொடுக்கும் முன் பக்கங்களைச் சுத்தம் செய்வதுதான் இதன் வேலை. திசை திருப்புதல், இரட்டைப் பக்கங்களைப் பிரித்தல், சாய்வு நீக்குதல், எழுத்துப் பகுதியைத் தேர்தல், ஓரம் விடுதல், வெளியீடு என ஆறு படிகள். மூலப் படங்களைத் தொடாது. பக்கத்துக்கு ஒரு டிஃப் (TIFF) படக் கோப்பு தரும். பிடிஎஃப் கோப்பை நேரடியாகத் திறக்காது, முதலில் படங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் நூல்களுக்குப் பெரிய ஆபத்து கடைசிப் படியில் இருக்கிறது. தூசு நீக்கும் 'டிஸ்பெக்கிள்' வசதிக்குத் தூசும் மெய்யெழுத்தின் புள்ளியும் ஒன்றுதான். அளவைக் கூட்டினால் பக்கம் பளிச்சென்று இருக்கும்; சிறிய எழுத்தில் உள்ள புள்ளிகள் போயிருக்கும். 'பத்து' என்பது 'பதது' ஆனால், உரையைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பான் உளறும், திருத்துபவர் பிடித்துவிடுவார். 'பல்' என்பது 'பல' ஆனால் சொல்திருத்திக்குக்கூடத் தெரியாது. தமிழுக்கு இந்த வசதியை அணைத்துவிடுவதே நல்லது. மிச்சமிருக்கும் தூசை எழுத்துணரி ஓரளவு பொறுத்துக்கொள்ளும். போன புள்ளியைத் திரும்பக் கொண்டுவர அதனால் முடியாது.

கருப்பு வெள்ளையாக்கும் 'த்ரெஷோல்ட்' அளவிலும் இதே கவனம் வேண்டும். மெலிதாக்கினால் புள்ளி கரையும். தடிப்பாக்கினால் புள்ளி எழுத்தோடு ஒட்டும், சுழிகள் அடைபடும். அடிக்குறிப்பு உள்ள ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்து அளவை முடிவு செய்து, பிறகு எல்லாப் பக்கங்களுக்கும் பொருத்துங்கள். வெளியீட்டை 600 டிபிஐயிலேயே (அங்குலத்துக்கு 600 பிக்சல்) விடுங்கள். கோப்பு பெரிதாகும் என்று குறைத்தால் இழப்பு மறுபடியும் புள்ளிகளுக்குத்தான்.

கைபேசியில் எடுத்த படங்களில் டிபிஐ விவரம் பெரும்பாலும் சரியாக இருக்காது. மென்பொருள் கேட்கும்போது ஏதோ ஓர் எண்ணைத் தட்டிவிடாதீர்கள். 5.5 அங்குல அகலப் பக்கம் படத்தில் 1650 பிக்சல் என்றால் 300 டிபிஐ. இது தவறினால் ஓரமும் வெளியீட்டு அளவும் சேர்ந்தே தவறும்.

எழுத்துப் பகுதியைத் தானாகத் தேரும் வசதி உரைநடைப் பக்கங்களில் அருமை. ஆனால் தனியாக நிற்கும் பக்க எண்ணையும், ஓரிரு வரி மட்டும் உள்ள அத்தியாய முடிவையும் சிலசமயம் விட்டுவிடும். பக்க எண் போனால், வகுப்பில் '43ஆம் பக்கம்' என்று சொல்லும்போது கேட்டுப் படிக்கும் மாணவருக்கு வழி தெரியாது. அதனால் வலப்புறச் சிறுபடங்களை ஒருமுறை முழுக்க உருட்டிப் பாருங்கள். தேர்ந்த பகுதியைக் காட்டும் பெட்டி குறுகியிருப்பது உடனே கண்ணில் படும். மேலே ஓடும் நூல் தலைப்பைப் பெட்டிக்கு வெளியே தள்ளலாம், அது பக்க எண்ணோடு ஒரே வரியில் இல்லாத நூல்களில் மட்டும்.

வளைந்த வரிகளை நேராக்கும் வசதியை நம்பி நூலை அரைகுறையாக விரித்து ஸ்கேன் செய்ய வேண்டாம். தானியங்கி முறை பல பக்கங்களில் வரியை வேறு திசையில் வளைத்துவிடும். கையால் சரிசெய்வதைவிட அந்தப் பக்கத்தை மறுபடி ஸ்கேன் செய்வது சீக்கிரம் முடியும். படம் உள்ள பக்கங்களுக்கு மட்டும், எழுத்தைக் கருப்பு வெள்ளையாக்கிப் படத்தை அப்படியே விடும் 'மிக்ஸ்டு' முறையைத் தேர்ந்து, படத்தின் எல்லையைக் கையால் வரையுங்கள். படவிளக்கம் எழுதுபவருக்குப் படத்தின் சாம்பல் நிற விவரங்கள் தேவை.