1881 மாதிரி ரஷ்ய அதிகாரி ஷாஷ்கா: அலகை விடுங்கள், பிடியைப் பாருங்கள்

ரஷ்ய ராணுவத்தின் 1881 மாதிரி டிராகூன் (ஒருவகைக் குதிரைப்படை) அதிகாரி ஷாஷ்கா ஏலத்துக்கு வந்தால், பார்க்க வருகிறவர்கள் எடுத்தவுடன் செய்வது வாளை உறையிலிருந்து உருவுவதுதான். அலகில் துரு இருக்கிறதா, கூர் இருக்கிறதா, செதுக்கு வேலை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த வாளின் மதிப்பு அங்கே இல்லை. ஜார் காலத்து எல்லைப்புறத்தில் ஓர் அதிகாரி எப்போது பணியில் சேர்ந்தார், எதற்காக விருது வாங்கினார் என்பதெல்லாம் பிடியில் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவருக்கு இதற்கு இணையான சேகரிப்புப் பொருள் அந்த ராணுவத்தில் குறைவு. படிக்காமல் வாங்கினால் ஏமாறுவதற்கும் இதைவிட எளிதான பொருள் கிடையாது.

முதலில் வாளைப் பற்றி. ஷாஷ்கா காகசஸ் மலைமக்களின் ஆயுதம். சர்க்காசிய மொழியில் 'பெரிய கத்தி' என்று பொருள். அவர்களோடு பல பத்தாண்டுகள் போரிட்ட ரஷ்யர்கள் அதைத் தங்கள் ராணுவத்துக்கே எடுத்துக்கொண்டார்கள். சாதாரண சேபர் வாள் கூர்ப்பக்கம் கீழே இருக்கும்படி தொங்கும். ஷாஷ்கா கூர்ப்பக்கம் மேலே இருக்கும்படி தொங்கும். உருவுகிற வீச்சே வெட்டாக முடியும், இரண்டாவது அசைவு தேவையில்லை. இதனால் உறையில் வளையங்கள் வளைவின் வெளிப்புறத்தில், அதாவது கூர் இருக்கும் பக்கத்தில் அமைந்திருக்கும். வளையம் உள்வளைவுப் பக்கம் இருந்தால் அது வேறு வாளின் உறை. கத்தியை உருவாமலே செய்யக்கூடிய முதல் சோதனை இது.

1881இல் வந்த மாதிரி அலெக்சாந்தர் கோர்லோவின் கைவண்ணம். பெர்டான் துப்பாக்கியை ரஷ்யாவுக்கு ஏற்றபடி திருத்துவதில் அமெரிக்காவில் பாடுபட்ட அதே கோர்லோவ்தான். பிரிவுக்கு ஒரு வாள் என்றிருந்த குழப்பத்தை அவர் ஒழித்தார். காலாட்படை அதிகாரிகளுக்கும் டிராகூன் ஷாஷ்காவே வந்தது. அடுத்த ஆண்டே ராணுவத்தின் ஹுஸார், உலான் என்ற மற்றக் குதிரைப்படைப் பிரிவுகளும் டிராகூன்களாக மாற்றப்பட்டதால் இந்த வாள் எங்கும் பரவியது. அதிகாரி வாளின் அலகு சுமார் 81 செ.மீ.; சிப்பாயின் வாள் சுமார் 87 செ.மீ., எடையும் அதிகம். லேசான வளைவு, இரு பக்கமும் நீளவாக்கில் ஒரு பள்ளம், நுனியருகே மட்டும் இருபுறமும் கூர். அதிகாரிகள் தங்கள் ஆயுதத்தைச் சொந்தச் செலவில் வாங்கினார்கள். ஆகவே நீளத்திலும் அலங்காரத்திலும் ஒன்றுக்கொன்று வேறுபாடு இருக்கும். ஒரு செ.மீ. கூடக் குறைய இருக்கிறது என்பதற்காகப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

ஆயுதமாக எப்படி? நல்ல மதிப்பெண் கொடுக்க முடியவில்லை. வெட்டவும் வேண்டும், குத்தவும் வேண்டும் என்று எடுத்த சமரசம் இது. காகசஸ் மூல ஷாஷ்காவில் கைக்காப்பே கிடையாது. பிடி ஏறக்குறைய உறைக்குள் மறையும், உடையில் எங்கும் சிக்காது. டிராகூன் மாதிரியில் வளைந்த பித்தளைக் கைக்காப்பைப் பூட்டினார்கள். கை பாதுகாப்பானது உண்மைதான். ஆனால் எடை பிடிப்பக்கம் வந்தது, கூர் மேலே பார்த்துத் தொங்கும்போது காப்பு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. கொசாக் படைகளுக்கான மாதிரியில் காப்பு சேர்க்கப்படவில்லை. 1904இல் காகசஸ் கொசாக்குகளுக்கு மலைநாட்டு வடிவத்திலேயே தனி மாதிரி ஒன்றும் ஏற்கப்பட்டது. குதிரைமேல் வாழ்ந்தவர்கள் எதை விரும்பினார்கள் என்பதற்கு இது போதும்.

இனி பிடி. கருமரத்தில் சாய்வான வரிகள், மேலே கீழே பொன்முலாம் பூசிய பித்தளை. 1909இல் அதிகாரி வாளின் பித்தளையில் பூவேலைப்பாட்டோடு பேரரசரின் பெயரெழுத்து முத்திரையும் சேர்க்கப்பட்டது. இதில்தான் பலர் தவறுகிறார்கள். முத்திரை வாள் செய்யப்பட்ட காலத்துப் பேரரசருடையது அல்ல. உரிமையாளர் முதல் அதிகாரிப் பதவி பெற்றபோது ஆண்டவருடையது. உதாரணமாக, குரோபாட்கின் 1866இல் அதிகாரியானவர். சமர்கந்து, கியோக் தெபெ என்று மத்திய ஆசியப் போர்களில் வளர்ந்து 1898இல் போர் அமைச்சரானவர். அவர் தகுதிக்கு 1909 வாள் செய்தால் அதில் இரண்டாம் அலெக்சாந்தரின் முத்திரைதான் வரும். மத்திய ஆசியாவின் துருக்கிஸ்தானில் பீரங்கிப் படையில் பணியைத் தொடங்கி, பின்னாளில் காஷ்கர் பகுதியிலும் கிழக்குப் பாரசீகத்திலும் உளவுப் பயணம் செய்த கோர்னிலோவ் 1892இல் அதிகாரியானவர். அவருக்கு மூன்றாம் அலெக்சாந்தர். 1894 நவம்பருக்குப் பிறகு பதவி பெற்றவர்களுக்குத்தான் இரண்டாம் நிக்கலாய். முத்திரை இரண்டாம் அலெக்சாந்தருடையதாக இருந்தால், அந்த மனிதர் 1909இல் குறைந்தது 28 ஆண்டுப் பணி முடித்தவர். அந்த வாளோடு 'இளம் லெப்டினன்ட் வைத்திருந்தது' என்று ஒரு கதையும் வந்தால் இரண்டில் ஒன்று பொய்.

முத்திரை இருந்த இடம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். 1917 பிப்ரவரிப் புரட்சிக்குப் பிறகு பேரரசரின் எழுத்துகளை அதிகாரிகள் அழித்தார்கள். பழைய தேய்ப்பின் வரிகள் மங்கி, சுற்றியுள்ள பித்தளையின் நிறத்தோடு கலந்திருக்கும். அப்படித் தேய்ந்த பிடி, கூர்மையான புத்தம்புது முத்திரை உள்ள பிடியைவிட நம்பத் தகுந்தது.

பிடியின் முனையிலுள்ள குமிழின் மேல் சிவப்பு எனாமலில் ஒரு சிறு வட்டம், நடுவில் சிவப்புச் சிலுவை, மேலே கிரீடம் இருந்தால் அது புனித ஆன்னா விருதின் 4ஆம் வகுப்பு. இளம் அதிகாரிக்கு முதல் சண்டையில் பெரும்பாலும் கிடைப்பது இதுதான். ராணுவத்தில் இதற்கு 'கிரான்பெரிப் பழம்' என்று செல்லப்பெயர். கூடவே பிடியில் 'வீரத்துக்காக' என்ற எழுத்தும், பிடியில் கட்டும் வழக்கமான வெள்ளி இழைத் தொங்கலுக்குப் பதிலாக மஞ்சள் ஓரமிட்ட சிவப்பு நாடாத் தொங்கலும் வரும். எத்தனை பெரிய விருது பின்னால் வந்தாலும் இந்தச் சிவப்பு வட்டத்தைக் கழற்ற மாட்டார்கள். அதற்கும் மேலே 'தங்க ஆயுதம்': கருப்பும் ஆரஞ்சும் வரியிட்ட புனித ஜார்ஜ் தொங்கல். அதில் வைரம் பதித்தது தளபதிகளுக்கு. 1885இல் குஷ்கா ஆற்றங்கரையில் ஆப்கன் படையை வென்ற ரஷ்யத் தளபதி கோமரோவுக்கு அது கிடைத்தது. 1913இல் பெயர் 'ஜார்ஜ் ஆயுதம்' என்று மாறி, பிடியில் வெள்ளை எனாமல் சிறு சிலுவை இடம்பெற்றது. வெள்ளைச் சிலுவை பதித்த பிடியைக் காட்டி 'குஷ்கா சண்டையில் கொடுத்தது' என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இந்தக் குறிகளுக்கு எவ்வளவு எடை என்பதை உணர அலிகானோவ்-அவார்ஸ்கியின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும். தாகெஸ்தானைச் சேர்ந்த அவார் இனத்தவர், 1873 கீவா படையெடுப்பில் இருந்தவர். ஒரு டூயல் (இருவர் தனிச்சண்டை) விவகாரத்தில் தண்டிக்கப்பட்டு வெறும் சிப்பாயாக இறக்கப்பட்டார். அதிகாரியின் தொங்கலும் அதோடு போயிற்று. போர்க்களத்தில் மறுபடி கீழிருந்து ஏறி வந்தார். 1882இல் வணிகர் வேடத்தில் மெர்வ் நகருக்குள் போய்வந்தார். 1884இல் மெர்வ் ரஷ்யாவுக்குப் பணிந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மறுவருடம் குஷ்காவில் குதிரைப்படை அவர் கையில். எல்லைப்புறம் ஒருவரைத் தரையில் தள்ளிவிட்டு அதே பத்தாண்டுக்குள் தூக்கியும் விடும். உள்நாட்டு முகாம்களில் அந்த வேகம் கிடையாது. துடிப்புள்ளவர்கள் துருக்கிஸ்தானுக்கு மனுப் போட்டதற்கு அதுவே காரணம்.

விற்பவர்கள் அதிகம் பயன்படுத்தும் பெயர் ரஷ்யத் தளபதி ஸ்கோபெலெவ். 1873 கீவாவில் புனித ஜார்ஜ் விருதின் 4ஆம் வகுப்பு, 1876 கோக்கந்துக்கு 3ஆம் வகுப்பு, துர்க்மேன் கோட்டையான கியோக் தெபெக்கு 2ஆம் வகுப்பு என்று ஏறியவர்; அந்தக் கடைசிப் படியின் விலை, கோட்டை விழுந்த பிறகு பாலைவனத்தில் துரத்திக் கொல்லப்பட்ட துர்க்மேன் குடும்பங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கோட்டை விழுந்தது ரஷ்யப் பழைய நாட்காட்டிப்படி 1881 ஜனவரி 12. புதிய மாதிரி படைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகு. ஆகவே 'கியோக் தெபெ முற்றுகையில் பயன்பட்ட 1881 ஷாஷ்கா' என்ற விளம்பரம் காலக்கணக்கிலேயே உடைகிறது. ஸ்கோபெலெவும் 1882 கோடையிலேயே, 38 வயதில் மாஸ்கோவில் இறந்துவிட்டார்.

நேர்மையாகச் சொன்னால், பெரிய எல்லைப் போர்கள் ஓய்ந்த பிறகு வந்த வாள் இது. இது இடுப்பில் இருந்த சண்டைகள் 1885 குஷ்கா, 1892இல் பாமீரில் ரஷ்ய அதிகாரி யோனோவின் படை ஆப்கன் காவலோடு மோதிய சோமாதாஷ், 1898 அந்திஜான் கலகம் போன்றவை. குஷ்காவிலும் வென்றது பெர்டான் துப்பாக்கிதான். மழையில் மருந்து நனைந்த வாய்வழித் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு ஆப்கன் வீரர்கள் நின்றார்கள். எனவே அலகில் 'போர் வெட்டுத் தழும்பு' என்று காட்டப்படுவதைக் கண்டு மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது பிற்காலத்தில் யாரோ இரண்டு வாள்களை மோதவைத்து விளையாடியதன் தடம். பாலைவனப் பணியின் உண்மையான தடயம் உறையில் இருக்கும்: வறட்சியில் மரம் சுருங்கித் தையலோரம் தோல் பிளந்திருக்கும், உள்ளே புகுந்த மணல் அலகின் பக்கங்களில் நீளவாக்கில் மெல்லிய கீறல்களைப் போட்டிருக்கும்.

போலியைப் பிடிக்க எழுத்தைப் பாருங்கள். அலகு யூரல் மலைப்பகுதியின் ஸ்லத்தோஉஸ்த் ஆலையில் செய்தது என்று ஊர்ப்பெயர் முழுதாகப் பொறித்திருந்தால், அதன் கடைசியில் ஒலியற்ற 'கடினக் குறி' எழுத்து இருக்க வேண்டும். 1918 எழுத்துச் சீர்திருத்தம் சொல்லிறுதியிலிருந்து அதை நீக்கியது. கள்ள வேலைக்காரர்கள் இன்றைய எழுத்துக்கூட்டையே போட்டுவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். அடுத்து அலகின் முதுகு: அசலில் பிடியருகே தடிப்பாகத் தொடங்கி நுனிவரை சீராக மெலியும், நகல்கள் ஒரே தகட்டில் வெட்டியவை, கடைசிவரை ஒரே தடிமன், கையில் எடுத்தால் இரும்புக் கம்பி போல முன்பக்கம் இழுக்கும். பொன்முலாம் உள்ளங்கை பட்ட இடத்திலும் உடை உரசிய இடத்திலும் போயிருக்க வேண்டும், பூவேலையின் குழிகளில் மிச்சம் இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் அது அமிலத்தின் வேலை. கடைசியாக விருதுக் குறி. நல்ல வாளில் போலி ஆன்னா வட்டத்தைப் பூட்டுவதுதான் மிகவும் பழகிப்போன மோசடி. பூதக்கண்ணாடியில் குறியின் விளிம்பைப் பாருங்கள். பழைய குறியைச் சுற்றிக் கருத்த அழுக்கு வளையம் இருக்கும். புதிதாகத் துளைத்திருந்தால் ஓரத்தில் பித்தளை பளிச்சென்று தெரியும். 'வீரத்துக்காக' என்ற எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் சுற்றியுள்ள பரப்பின் நிறமே இருக்க வேண்டும்.

வாங்கியபின் பித்தளை மெருகுப் பசையைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். அம்மோனியா கலந்த பசை ஒரே தேய்ப்பில் நூறாண்டுப் பொன்முலாமை எடுத்துவிடும். பிடியை மென்பருத்தித் துணியால் துடைத்து நுண்படிக மெழுகை மெல்லியதாகத் தடவினால் போதும். அலகுக்கு அமிலம் கலக்காத கனிம எண்ணெய், விரலால் தொட்டால் ஈரம் தெரியாத அளவு. எண்ணெய் வழிய உறைக்குள் செருகினால் மரமும் தோலும் ஊறி, ஈரத்தைப் பிடித்துவைத்து அலகையே அரிக்கும். முடிந்தால் வாளையும் உறையையும் தனித்தனியே, 50 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்தில் வையுங்கள். எனாமல் வட்டத்தைத் திருகிப் பின்பக்கம் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பழைய எனாமல் அந்தத் திருகலில்தான் சில்லு சில்லாக உதிரும். பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலே வேண்டியது தெரிந்துவிடும்.