பத்மினியின் முன் சக்கரம்: டப்பா சாமானா, லேத் வேலையா, காயலான் கடையா?

மும்பையில் ஃபியட், அதாவது பிரீமியர் பத்மினி கார், வைத்திருக்கும் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் பேச்சு சுற்றிச் சுற்றி, முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னில் வந்து நிற்கும். விற்காமல் கிடந்த பழைய ஸ்டாக் கிட் டப்பாவோடு கிடைத்துவிட்டதென்று ஒருவர் பெருமைப்படுவார். அதெல்லாம் எதற்கு, தாராவி லேத்தில் (கடைசல் பட்டறையில்) கொடுத்தால் அதைவிட உறுதியாகச் செய்து தருவார்களே என்பார் மற்றவர். மூன்றாமவர் ஒருவர் இருந்தால், குர்லாவில் கழற்றிப்போட்ட டாக்ஸி சாமானே போதும் என்று முடித்துவிடுவார். மூன்று பேர் சொல்வதும் ஏதோ ஒரு பாகத்துக்குச் சரிதான். மொத்த முன்பக்கத்துக்கும் ஒரே பதிலைச் சொல்லும்போதுதான் தப்பாகிவிடுகிறது.

வண்டியைப் பற்றி இரண்டு வரி. 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்று வந்து, பிறகு பத்மினி என்று பெயர் மாறி, 2000 வாக்கில் நின்றுபோகும்வரை, குர்லா பிரீமியர் ஆலையில் உருவான இந்த வண்டியின் முன்பக்க அமைப்பு பெரிதாக மாறவில்லை. இரு பக்கமும் மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம், காயில் ஸ்பிரிங், சக்கரம் திரும்புவதற்குக் கிங் பின், ஆர்ம் ஆடும் இடத்தில் ரப்பர் புஷ். 2023 அக்டோபரில் கடைசி பத்மினி டாக்ஸியும் 20 வருட வரம்பு முடிந்து ஒதுங்கியது. தினமும் இந்தச் சாமானை வாங்கிக்கொண்டிருந்த கூட்டமும் அதோடு போய்விட்டது. இப்போது கடையேறுகிறவர்கள் நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை வண்டிக்காரர்கள்தான்.

வாங்கும் முன் எது தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ‘டக் டக்’கென்று ஆட்டம் தெரிந்தவுடன் கிங் பின் என்று முடிவு கட்ட வேண்டாம். வீட்டில் யாரையாவது உள்ளே உட்கார வைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். நிற்கவில்லை என்றால்தான் கிங் பின் பக்கம் போக வேண்டும். இடம் வலமாக ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு எண்டை, அதாவது ஸ்டீரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் பந்து மூட்டைச் சந்தேகப்படலாம்.

சரி, கிங் பின்னுக்கு வருவோம். இதில் இரண்டு பொருள் இருக்கிறது: பின், அது சுழலும் புஷ் என்ற உலோக உறை. இரண்டையும் ஒரே கடையில் வாங்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. பழைய ஸ்டாக் பின்னை யோசிக்காமல் வாங்கலாம். கிரீஸ் தாளில் சுற்றி வைத்த இரும்பு எத்தனை வருடம் அலமாரியில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. டப்பாவைத் திறந்து துருப்புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இந்தக் கடற்காற்று ஊரில் அது சாதாரணம். பின் உரசும் இடத்தில் புள்ளி விழுந்திருந்தால் புது புஷ்ஷை அது ரம்பம் மாதிரி அறுத்துவிடும்.

இப்போது வரும் லோக்கல் கிட்டில் பின் கடினமாக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. கடையிலேயே ஒரு சின்ன அரத்தை எடுத்து, பின்னின் கோடியில், புஷ்ஷுக்குள் போகாத இடத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். அரம் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் வாங்கலாம். கடித்துப் பொடி உதிர்ந்தால் டப்பாவை மூடிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

லேத்தில் பின் செய்யலாமா என்றால், தாராவியில் லேத் வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் சொன்னதே போதும்: “தம்பி, புஷ்ஷு நான் பண்ணித் தாரேன். பின்னு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க. கடைஞ்சு பாலிஷ் போட்டுக் குடுத்தா பாக்க அழகாத்தான் இருக்கும். ஆறு மாசத்துல தேஞ்சு வந்து நிப்பீங்க.” காரணம் எளிது. சாதாரண ராடைக் கடைந்தால் மட்டும் போதாது. கேஸ் ஹார்டனிங்குக்கு ஏற்ற எஃகு எடுத்து, சூளையில் மேல்தோலைக் கடினமாக்கி, பிறகு கிரைண்டிங் செய்ய வேண்டும். ஒரே ஒரு வண்டிக்காக இத்தனையும் யார் செய்வார்கள்? பழைய பின்னுக்கே ஹார்ட் குரோம் ஏற்றும் வழி ஒன்று உண்டு. ஒழுங்காகச் செய்தால் நிற்கும். தேய்ந்த பள்ளத்தை நிரப்பத் தடிமனாக ஏற்றினால் பெயர்ந்து வரும்.

ஆனால் புஷ் விஷயத்தில் என் ஓட்டு லேத்துக்குத்தான். கிட்டில் வரும் மெல்லிய சுருட்டு புஷ்ஷைவிட முழுக் கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) கடைந்தது நன்றாக உழைக்கும். உங்கள் பின்னின் அளவுக்கே செய்துகொள்ளலாம் என்பது அதைவிடப் பெரிய லாபம். பித்தளையைக் கன்மெட்டல் என்று தலையில் கட்டுவதும் நடக்கும். வெட்டிய இடம் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் பித்தளை. கன்மெட்டலில் லேசாகச் செம்பு நிறம் தெரியும்.

எந்தப் புஷ் வாங்கினாலும் காரியம் கெடுவது ரீமிங்கில், அதாவது துளையைச் சீவி அளவுக்குக் கொண்டுவருவதில்தான். அழுத்தி ஏற்றியதும் புஷ்ஷின் துளை கொஞ்சம் சுருங்கும். அதை ரீமர் போட்டுச் சரிசெய்யும்போது மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அதனால் இரண்டையும் சேர்த்து ஓட்டும் நீள ரீமர் வேண்டும். தனித்தனியாகச் சுற்றினால் ஸ்டீரிங் ஒரு பக்கம் இறுகும், இன்னொரு பக்கம் தொளதொளக்கும். எண்ணெய் தடவிய கிங் பின், கட்டைவிரல் அழுத்தத்துக்கு இறங்க வேண்டும், தானாக விழக்கூடாது. புஷ்ஷின் கிரீஸ் துளை, கிரீஸ் அடிக்கும் வாயான நிப்பிளுக்கு நேராக இருக்கிறதா என்று ஏற்றும் முன்பே பார்த்துவிடுங்கள். இதைச் சரியாகச் செய்கிற மிஸ்திரி கிடைத்தால், எந்த டப்பா என்ற சண்டையில் பாதி முடிந்த மாதிரிதான்.

ரப்பரில் கணக்கு அப்படியே தலைகீழ். இருபது வருடம் டப்பாவில் இருந்த ‘ஒரிஜினல்’ சைலண்ட் பிளாக் புஷ் (ஆர்மில் வரும் ரப்பர் புஷ்) காசுக்குக் கேடு. ஓடாமலே ரப்பர் இறுகிப் போயிருக்கும்; நகத்தால் அழுத்தினால் மயிர்க்கோடாக வெடிப்பு தெரியும். புதிதாக வார்த்த லோக்கல் ரப்பர் அதைவிட மேல். பாலியூரித்தேன் நீண்ட நாள் உழைக்கும்தான், ஆனால் விறைப்பானது. மும்பைக் குழியெல்லாம் நேராகக் கைக்கு வரும், கிரீஸ் காய்ந்தால் கீச்சென்று கத்தும். பத்மினியை அதன் மெத்தென்ற ஓட்டத்துக்காக வைத்திருப்பவருக்கு அது வேண்டாம். எது போட்டாலும், ஆர்ம் போல்ட்டைக் கடைசியாக முறுக்குவது சக்கரம் தரையில் பட்டு, வண்டியின் எடை முழுக்க இறங்கிய பிறகே. சக்கரம் தொங்கும்போது முறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். அவசரக்கார மெக்கானிக்குகள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

டை ராடு எண்டுக்கு அலசல் எல்லாம் தேவையில்லை. புதிது, கிரீஸ் நிப்பிள் உள்ளது. பழையதைத் திறந்து, உள்ளே மாற்றி அமுக்கிக் கொடுக்கும் வேலை ஊரில் நடக்கிறது; அந்தப் பக்கம் போகாதீர்கள். பந்து கழன்றால் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது.

காயலான் கடைக்கும் ஓர் இடம் உண்டு. ஸ்டப் ஆக்சில் (சக்கரம் ஏறும் தண்டுள்ள பாகம்), ஆர்ம் மாதிரி அடித்துச் செய்த கனமான இரும்பு டாக்ஸியில் இருந்து வந்தாலும் பரவாயில்லை. புதிதாகக் கிடைப்பதும் அரிது. சக்கரம் ஏறும் தண்டு அடிப்பகுதியோடு சேரும் மூலையில் விரிசல் இருக்கிறதா என்று சிவப்புச் சாயம் தடவிப் பார்க்கும் டை டெஸ்ட் செய்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் எதற்கு, மாருதியின் ரேக் ஸ்டீரிங்கை வெட்டி ஒட்டிவிடலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி வின்டேஜ் பதிவு வாங்கும் எண்ணம் இருந்தால், சேசிஸில் கைவைத்த மறுகணம் அது சிக்கலாகும். புஷ் கன்மெட்டலா, வேறா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

எல்லாம் மாட்டிய பிறகும் ஸ்டீரிங்கில் ஆட்டம் மிச்சமிருந்தால், ஸ்டீரிங் பாக்ஸின் ஸ்க்ரூவை இறுக்கி மறைக்கப் பார்ப்பார்கள். அதை முதலிலேயே தொட வேண்டாம். நேராக ஓடும் நிலையில்தான் உள்ளே தேய்மானம் அதிகம். அங்கே ஆட்டம் போகும்வரை இறுக்கினால் முழுத் திருப்பத்தில் பிடித்துக்கொள்ளும். டோ-இன் (முன்சக்கரங்கள் முன்னால் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) பார்த்து, சக்கரத்தைத் தூக்கி வைத்தபடி நிப்பிளில் கிரீஸ் அடித்து, கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு அப்புறம் பாக்ஸைப் பார்க்கலாம். எடை தாங்கி நிற்கும் பின்னுக்குக் கிரீஸ் அடித்தால், அது வேண்டிய பக்கம் போகாமல் எதிர்ப்பக்கமாக வெளியே வந்துவிடும்.