சந்தையை விட்டுச் சின்னப் பண்ணையில் ஆடு வாங்குவது: சில வருட அனுபவம்

கறிக்கு ஆடு வேண்டுமென்றால் சந்தைக்குப் போங்கள். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் கிடைக்காத ஆடு கிடையாது. குட்டி எடுத்துப் பெருக்கத்தான் ஆடு வேண்டுமென்றால், இருபது முப்பது தாய் ஆடு வைத்திருக்கிற சின்னப் பண்ணையாகப் பார்த்து, நேரில் போய், அரைநாளாவது அங்கேயே இருந்து பார்த்து வாங்குங்கள். 2020-இல் இருந்து நான் அப்படித்தான் வாங்குகிறேன். எங்களுக்குக் கோவில்பட்டிக்குக் கிழக்கே மானாவாரிக் கரிசல் நிலம், கம்பும் சோளமும் உளுந்தும் போக மீதிக்கு ஆடுதான். வெள்ளாட்டில் கன்னி, செம்மறியில் வேம்பூர். இரண்டும் இந்தப் பக்கத்து இனங்களே, வெயிலுக்குப் பழகினவை, வெறும் கருவேலங்காயையும் காய்ந்த தட்டையையும் தின்று கோடையைத் தாண்டிவிடும்.

சந்தையில் ஏன் வாங்குவதில்லை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நல்லா ரெட்டைக்குட்டி போட்டு, இரண்டையும் பால் கொடுத்து வளர்க்கிற தாய் ஆட்டை யாராவது சந்தைக்கு ஓட்டிக்கொண்டு வருவார்களா? கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று பணமுடை வந்தால் வரும், அது எப்போதாவது நடப்பது. மற்றபடி வளர்ப்பு ஆடு என்று சொல்லிச் சந்தைக்கு வருவதில் பெரும்பாலும் பட்டியிலிருந்து கழித்துவிட்டவைதான்: சினை பிடிக்காதது, குட்டி வீசியது, மடி கல்லாகிப் போனது, குட்டியைச் சேர்க்காதது. அதோடு காலையில் உப்பும் தண்ணீரும் காட்டி வயிற்றை நிரப்பிவிடுவது, பாலைக் கறக்காமல் விட்டு மடியைப் பெரிதாகக் காட்டுவது, வேறொரு ஆட்டின் குட்டியைப் பக்கத்தில் கட்டிப் ‘பாருங்க, இதோட குட்டி’ என்று சொல்வது, இதெல்லாம் சந்தைக்குப் போய்ப் பழகியவர்களுக்குத் தெரிந்த விஷயங்கள். எல்லா வியாபாரியும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நெரிசலில் ஒரு ஆட்டின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. எத்தனை ஊர் ஆடுகளோடு ஒட்டிக்கொண்டு நின்றது, என்ன நோயைச் சுமந்து வருகிறது என்றும் தெரியாது.

நான் தொடர்ந்து வாங்குகிற பண்ணை எட்டயபுரத்தைத் தாண்டி உள்ளே இருக்கிறது. கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். பண்ணை என்று பெயர்ப் பலகைகூடக் கிடையாது. தகரக் கொட்டகை, சுற்றி முள்வேலி, ஒரு ஓரத்தில் அகத்தியும் வேலிமசாலும். விலை சந்தையை விட ஆட்டுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கூடத்தான் வரும், பக்ரீத்துக்கும் ஊர்க்கொடைக்கும் முன்னால் போனால் இன்னும் ஏறும். அந்தக் கூடுதல் பணம் எதற்கு என்றால், ஒவ்வொரு ஆட்டுக்கும் அவர்கள் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருக்கிற கணக்குக்குத்தான். எந்தத் தாய், எப்போது ஈன்றது, ஒற்றையா ரெட்டையா, எப்போது ஊசி, எப்போது குடற்புழு மருந்து, எல்லாம் அதில் இருக்கிறது. இதைக் காட்டத் தயங்குகிற பண்ணையில் நான் விலையே கேட்பதில்லை.

அவர்களிடம் எனக்கு நம்பிக்கை வந்த விதத்தையும் சொல்லவேண்டும். ஒரு நல்ல செங்கன்னிப் பெட்டைக்குட்டி, முகத்தில் இரண்டு பக்கமும் செம்மைக் கோடு அழகாக விழுந்தது, அதைத்தான் எடுக்கப்போகிறேன் என்று கயிற்றைப் பிடித்துவிட்டேன். அந்த அக்கா உடனே, “அண்ணாச்சி, அது வேண்டாம். அதோட தாய்க்கு ஒரு காம்புல பால் கிடையாது. ஒத்தக்குட்டின்னா வளர்த்துரும், ரெட்டை போட்டா நீங்கதான் புட்டிப்பால் கொடுக்கணும்” என்றார். அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. விற்கிற இடத்தில் இப்படி ஒரு வார்த்தை கிடைப்பது பெரிய விஷயம். அவர் காட்டிய வேறொரு பால்கன்னியை, அதாவது வெள்ளைக் கோடு விழுந்த கன்னியைத்தான் ஓட்டி வந்தேன், இன்றைக்கும் பட்டியில் முன்னால் நடப்பது அதுதான்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்பதில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில், காலையில் பட்டி திறக்கும் முன்பே போய்விடவேண்டும். ராத்திரி அடைந்து கிடந்த இடத்தில்தான் உண்மை தெரியும். யார் இருமுகிறது, புழுக்கை உருண்டையாக இருக்கிறதா கழிச்சலாக இருக்கிறதா, பின்தொடையில் சாணம் ஒட்டிக் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். படலைத் திறந்துவிட்டதும் எந்த ஆடு கடைசியில் வருகிறது, எது நொண்டுகிறது என்றும் கவனிக்கவேண்டும். அப்புறம் பிடித்துப் பார்ப்பது. கண்ணின் கீழ் இமையைப் புரட்டினால் உள்ளே செக்கச் சிவந்து இருக்கவேண்டும், வெளிறிப்போயிருந்தால் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழு இருக்கிறது என்று அர்த்தம். தாடைக்குக் கீழே பை மாதிரி வீக்கம் இருந்தால் பெரும்பாலும் புழு முற்றிய நிலை. பல்லைப் பார்க்கும்போது, புதிதாக வாங்குபவர்கள் மேல்தாடையில் முன்பல் இல்லையே என்று பயப்படவேண்டாம், ஆட்டுக்கு அங்கே பல்லே கிடையாது. கீழே இரண்டு பெரிய பல் இருந்தால் ஒரு வயது தாண்டியிருக்கும், நாலு பல் என்றால் இரண்டு வயதை ஒட்டி, எட்டும் சேர்ந்துவிட்டால் நாலு வயது. எனக்குப் பிடித்தது இரண்டு பல் அல்லது நாலு பல்லில், ஒரு ஈத்து முடித்த ஆடு. தலைச்சன் ஈத்தில் எப்படி இருந்தது என்று கேட்டுக்கொள்ளலாம், இன்னும் பல ஈத்து மிச்சம் இருக்கும். மடியைக் கையால் அமுக்கிப் பாருங்கள், மெத்தென்று இருக்கவேண்டும், இரண்டு காம்பிலும் பால் பீய்ச்சிப் பார்க்கவேண்டும். கிடா என்றால் விதை இரண்டும் இறங்கி, ஒரே அளவில், கெட்டியாக இருக்கவேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, ஒரு கிடாதான் பட்டி முழுக்கக் குட்டி கொடுக்கப்போகிறது.

சினை ஆடு வாங்கினால் கிடாவோடு சேர்ந்த தேதியைக் கண்டிப்பாகக் கேளுங்கள். ஐந்து மாதம் என்பதால் ஈனும் நாளைக் கணக்குப் போடலாம் என்பது ஒன்று. இன்னொன்று, சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் என்கிற குடற்புழு மருந்தைக் கொடுக்கக்கூடாது, வயிற்றில் இருக்கிற குட்டிக்குக் கெடுதல். வீட்டுக்கு ஓட்டி வந்ததும் எல்லாவற்றுக்கும் புழுமருந்து ஊற்றுகிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு, அதனால் சொல்கிறேன்.

எடை விஷயத்தில் பண்ணைகளில் உயிர் எடைக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். அதை மேயப் போகும் முன் காலையில் போடச் சொல்லுங்கள், சாயங்காலம் மேய்ந்து தண்ணீர் குடித்து வந்த ஆடு வயிற்றிலேயே இரண்டு மூன்று கிலோ வைத்திருக்கும். தராசு இல்லாத இடத்தில் நான் டேப்பை வைத்து ஒரு கணக்குப் போடுவேன்: முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்முனையில் இருந்து பின்னெலும்பு வரை உள்ள நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 28, நீளம் 25 என்றால் ஏறக்குறைய 30 கிலோ. தராசோடு ஒப்பிட்டால் ஒன்றிரண்டு கிலோ முன்னே பின்னே இருக்கும், பேரம் பேச இது போதும்.

எல்லாச் சின்னப் பண்ணையும் நல்ல பண்ணை இல்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். வேறொரு பண்ணையில் எல்லா ஊசியும் போட்டாச்சு என்று வாயால் சொல்லித்தான் குட்டிகளைக் கொடுத்தார்கள். வந்த ஒரு வாரத்தில் மூக்கில் சளி, வாய்க்குள் புண், அப்புறம் கழிச்சல். கால்நடை மருந்தகத்து டாக்டர் பார்த்துவிட்டு ஆட்டுக்கொல்லி நோய் என்றார். பாதிக்குட்டி போய்விட்டது. போன் பண்ணினால், இங்கிருந்து போகும்போது நன்றாகத்தான் இருந்தது என்று பேச்சை முடித்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, ஏனென்றால் ஆட்டுக்கொல்லிக்கான தடுப்பூசி ஒருமுறை போட்டால் மூன்று வருடம் வரை காக்கும், குட்டிக்கு மூன்று நாலு மாதம் ஆனதும் போட்டுவிடலாம், அரசு முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். இதைக்கூடச் செய்யாமல் செய்ததாகச் சொல்வது வாங்குகிறவன் வயிற்றில் அடிக்கிற வேலை. துள்ளுமாரி ஊசி வேறு, அது வருடா வருடம் மழைக்கு முன் போடவேண்டும், மழை பெய்து இளம்புல் முளைத்ததும் கொழுகொழுவென்று இருக்கிற குட்டிதான் ராத்திரியோடு ராத்திரியாகச் செத்துக் கிடக்கும். இரண்டுக்கும் தேதி கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விதமான ஏமாற்றம், பரண் மேல், அதாவது தரையில் விடாமல் உயரத்தில் கட்டிய தட்டில் வளர்த்த ஆடுகள். பார்க்க அவ்வளவு சுத்தமாக, பளபளவென்று இருக்கும். வெட்டிப்போட்ட கோ-4 புல்லும் தீவனமும் தின்று வளர்ந்தவை, கரிசல் காட்டில் முள்ளுக்குள் தேடித் தின்னத் தெரியவில்லை, நடந்தால் குளம்பு வலிக்கிறது, கோடையில் மெலிந்துபோய்விட்டன. பரண் முறையைக் குறை சொல்லவில்லை, கொட்டிலில் வைத்து வளர்ப்பவர்களுக்கு அது சரி. மேய்ச்சலுக்கு விடுகிறவர்கள், மேய்ச்சலில் வளர்ந்த ஆட்டைத்தான் வாங்கவேண்டும். போயர் கலப்பு, தலைச்சேரி என்று விளம்பரம் நிறைய வருகிறது. தீவனம் வாங்கிப் போட முடிந்தவர்கள் பார்க்கலாம், எங்கள் மானாவாரிக்குக் கன்னியை விட்டால் வேறு ஆடு இல்லை என்பதே என் முடிவு. இரண்டு வருடத்தில் மூன்று ஈத்து, அதில் பாதிக்கு மேல் ரெட்டை, இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஏற்றி வருவது பெரிய வேலையில்லை. குட்டியானை வண்டியில் அடியில் மணலோ வைக்கோலோ பரப்பி, வெயிலுக்கு முன்னால் கிளம்பி, பெரிய கொம்பாட்டையும் குட்டியையும் தனித்தனியாகத் தடுத்துவிட்டால் போதும். மழைக்காலத்தில் மட்டும் இடம் மாற்றவேண்டாம், ஐப்பசி கார்த்திகையில் ஈரமும் அலைச்சலும் சேர்ந்தால் சளிக்காய்ச்சல் கட்டாயம். நான் தை, மாசியில்தான் வாங்குவேன். வந்த ஆடுகள் மூன்று வாரம் தனிக் கொட்டில், தனித் தண்ணீர்த் தொட்டி. பண்ணையில் என்ன தீவனம் கொடுத்தார்களோ அதில் ஒரு மூட்டை கேட்டு வாங்கிவந்து, நம் தீவனத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுகிறேன். அந்த அக்கா இதற்குக் காசுகூட வாங்குவதில்லை.

வேம்பூர்ச் செம்மறிகளையும் அவர்களிடமே எடுத்தேன். வெள்ளை உடம்பில் செந்திட்டு விழுந்த ஆடுகள், அமைதியானவை, வெள்ளாட்டைப் போல வேலி தாண்டி அடுத்தவர் பருத்தியில் வாய் வைக்காது. அவற்றால் எனக்குத் தொந்தரவு என்றால் மழையில் கரிசல் சேறு குளம்பிடுக்கில் அப்பிப் புண்ணாவது மட்டும்தான். இரண்டையும் சேர்த்து வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும், வெள்ளாட்டுக்கென்று விற்கிற தாது உப்பைச் செம்மறிக்குக் கொடுக்கக்கூடாது. அதில் தாமிரம் கூடுதல், செம்மறியின் ஈரலில் அது தேங்கித் தேங்கி ஒருநாள் விஷமாகிவிடும்.

இவ்வளவு நல்லதைச் சொன்ன பண்ணையிலும் ஒரு குறை இருக்கிறது. அவர்களிடம் ஒரே ஒரு கன்னிக் கிடாதான். நான் வாங்கிய பெட்டைகள் எல்லாம் அதன் மகள்கள், அங்கேயே கிடாக்குட்டியும் எடுத்தால் அண்ணன் தங்கையைச் சேர்த்த மாதிரி ஆகிவிடும், இரண்டு தலைமுறையில் குட்டி சிறுத்துப்போகும். சின்னப் பண்ணைகளில் இது பொதுவாகவே உண்டு, அவர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்ய, இரண்டாவது கிடாவுக்குத் தீவனம் போடக் கட்டுப்படியாகாது. அதனால் பெட்டையை ஒரு இடத்திலும் கிடாவை வேறு இடத்திலும் எடுப்பது என்று வைத்திருக்கிறேன், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றிவிடுவேன். இப்போது சாத்தூர்ப் பக்கம் ஒருவரிடம் நல்ல பால்கன்னிக் கிடா ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், தாய் ரெட்டை ஈன்றது, ஊசித் தேதியும் எழுதிக் கொடுத்துவிட்டார். தை பிறந்ததும் விலை பேசவேண்டும்.