பிவிகேப்: கடலடியில் சமர்த்து, தொட்டியில் அடம்

ஆழ்கடல் துளையிடும் ரிக்கில் மட் இன்ஜினியர் வேலை. மட் என்றால் துளைக்கும்போது கிணற்றுக்குள் சுற்றிவரும் திரவம். மீத்தேன் ஹைட்ரேட் (வாயுவை உள்ளே அடைத்து வைத்திருக்கும், பனிக்கட்டி மாதிரியான படிகம்) இருக்கும் மண்ணைத் துளைக்க உப்பு, பிவிபி, பிவிகேப் மூன்றையும் பல கிணறுகளில் மட்டில் கலந்து பார்த்தாயிற்று. பின்னிரண்டும் நீரில் கரையும் பாலிமர்கள்.

முதலில் உப்பு. 20 சதவீதம் போட்டால் ஹைட்ரேட் உருவாகும் வெப்பநிலை சுமார் 14 டிகிரி இறங்கிவிடும். கிணற்றின் வாயை மூடும் வால்வுத் தொகுதியான பிஓபிக்குள் ஹைட்ரேட் கட்டி பிடிக்குமோ என்ற பயம் இல்லை. ஆனால் அதே உப்புத் தண்ணீர் துளைச் சுவரில் ஊறினால், மண்ணைப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரேட்டும் கரையும். 1 கனமீட்டர் ஹைட்ரேட் கரைந்தால் 164 கனமீட்டர் வாயு. மட் நுரைத்து எடை குறையும், சுவர் சரியும். ஒரு கிணற்றில் துளையின் அகலத்தை அளக்கும் காலிப்பரின் கைகள் முழுசாக விரிந்தும் சுவரைத் தொடவில்லை. 2006இல் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் 100 மீட்டருக்கு மேல் தடிமனாகக் கிடைத்த ஹைட்ரேட், களிமண் வெடிப்புகளுக்குள் இருந்தது. அந்த மாதிரி மண்ணில் இவ்வளவு உப்போடு நான் இறங்க மாட்டேன்.

பிவிபியும் பிவிகேப்பும் வேறு ரகம். அரை முதல் 1 சதவீதம் போதும். ஹைட்ரேட்டைக் கரைக்காது, புதுப் படிகம் வளர்வதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதனால் சுவரைச் சீண்டாது. பிவிபியில் கே90 வாங்கிவிடாதீர்கள்; கே எண் கூடக்கூட மட் கெட்டியாகும். ஐஸ் வாளியில் வைத்து 4 டிகிரியில் பிசுபிசுப்பை அளக்கும் விஸ்காமீட்டரைச் சுழற்றினால் வெல்லப்பாகு மாதிரி இருக்கும். அவ்வளவு கெட்டியான மட்டைப் பம்ப் செய்யும் அழுத்தத்தைக் கடலடி மண் தாங்காமல் பிளந்துகொள்ளும். கே30 பரவாயில்லை.

தாமதப்படுத்துவதில் பிவிகேப்தான் கெட்டி. அதன் கோளாறு, சூடு ஒத்துக்கொள்ளாது. 30, 40 டிகிரி தாண்டினால் தண்ணீரிலிருந்து பிரிந்துவிடும். உப்பு இருந்தால் இன்னும் சீக்கிரம். ஒரு மே மாத மதியம், திரும்பி வரும் மட்டிலிருந்து கல் துகள்களைச் சலிக்கும் ஷேக்கர் சல்லடை முழுக்க வேலம்பிசின் அப்பியதுபோல் ஆகிவிட்டது. "சார், கோந்தா ஊத்துனீங்க?" என்று ஷேக்கர்மேன் சத்தம் போட்டார். வடிகட்டி எடுத்த நீரைப் பார்த்தால் பால் மாதிரி வெள்ளை. அதன்பிறகு உப்பைப் பாதியாக்கி, மட் கூலரை ஓடவிட்டுத்தான் கலக்கிறேன். குளிர்ந்த மட் சுவருக்கும் நல்லது. உண்மையைச் சொன்னால், துளையைக் காப்பாற்றியதில் பாதிப் பெயர் அந்தக் கூலருக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று: இவை வாங்கித் தருவது நேரம் மட்டும். புயல் எச்சரிக்கை வந்து நாள்கணக்கில் கிணற்றை மூடி வைப்பதென்றால் பிவிகேப்பை நம்பிப் போகாதீர்கள். பிஓபியிலும் அதோடு இணைந்த சோக், கில் லைன் குழாய்களிலும் கிளைகால் (glycol) என்ற ஹைட்ரேட் தடுப்புத் திரவத்தை நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்த கிணற்றுக்கும் பிவிகேப்தான் கேட்டிருக்கிறேன். கூலர் வராவிட்டால் அதையும் அனுப்ப வேண்டாம் என்று இண்டெண்டிலேயே எழுதியாயிற்று.