கிணற்றுத் தண்ணிக்கு எந்த மீன்? மலாவிச் சிக்லிட்டும் டிஸ்கஸும்

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் நாலடித் தொட்டி வைக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் இரண்டு மீனில் வந்து நிற்கிறார்கள். ஒன்று டிஸ்கஸ், மற்றது 'ஆபிரிக்கன்' என்று கடைகளில் கலந்து விற்கிற மலாவிச் சிக்லிட். இரண்டும் சிக்லிட் என்கிற ஒரே மீன் குடும்பம்தான். ஒன்று அமேசன் ஆற்று மீன், மற்றது மலாவி ஏரி மீன். நான் மலாவியை எடுத்தேன், எடுத்ததில் முழுத் திருப்தி, அதனால் இந்த எழுத்து அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். டிஸ்கஸை நான் வீட்டில் வளர்த்ததில்லை. தெரிந்தவர்களின் தொட்டிகளையும், அவற்றுக்காக அவர்கள் படுகிற பாட்டையும் பார்த்துத்தான் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

அழகில் இரண்டுக்கும் குறையில்லை. டிஸ்கஸ் அசையாமல் நின்று காட்டும், மலாவியின் பாறை மீன்களான ம்புனா ஒரு நிமிடம் சும்மா இராது. விலையில் டிஸ்கஸ் நன்றாகவே கூட. தொட்டி இரண்டுக்கும் ஒன்றுதான்: நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 255 லீற்றர். தண்ணி மட்டுமே கால் தொன் வரும், எனவே மேசை பலமாக இருக்கட்டும், கண்ணாடிக்கு அடியில் ரெஜிபோம் போட மறக்க வேண்டாம்.

இனி தண்ணி. என் கணக்கில் முடிவு இதில்தான் இருக்கிறது.

வன்னியின் மேற்குக் கரையோரம் சுண்ணாம்புக்கல், உள்ளே வரவரப் பழைய கடும்பாறை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் கேத்தலின் அடியைப் பார்த்தால் வெள்ளையாகக் கல் படிந்திருக்கும். கல்சியமும் மக்னீசியமும் கரைந்த கடினமான தண்ணி, அமில-கார அளவைக் காட்டுகிற பீஎச் பெரும்பாலும் ஏழுக்கு மேலே, அதாவது காரப் பக்கம். மலாவி ஏரியின் பீஎச் 7.8க்கும் 8.6க்கும் இடையில் இருக்கும். எங்கள் கிணறுகள் பலவற்றின் அளவுக்கு அந்த ஏரித் தண்ணி கடினம் இல்லை என்பதும் உண்மை, ஆனால் கூடிய கடினத்தை இந்த மீன்கள் நன்றாகத் தாங்குகின்றன. ஆக கிணற்றிலிருந்து வாளியில் எடுத்து அப்படியே ஊற்றலாம். குழாய்த் தண்ணி என்றால் குளோரின் நீக்கும் மருந்து விட வேண்டும், அவ்வளவுதான்.

டிஸ்கஸ் பிறந்த தண்ணி இதற்கு நேர் எதிர், மென்மையானது, பீஎச் ஏழுக்குக் கீழே. பண்ணையில் பிறந்த டிஸ்கஸ் கொஞ்சம் கடினமான தண்ணியையும் ஏற்கும் என்பதை மறுக்கவில்லை, வவுனியாவிலேயே கிணற்றுத் தண்ணியில் உயிரோடு இருக்கிறதைக் கண்டிருக்கிறேன். ஆனால் கடினமான தண்ணியில் அவற்றின் முட்டை சரியாகப் பொரிப்பதில்லை. அதனால் வளர்க்கிறவர் ஒரு கட்டத்தில், கரைந்த உப்புகளை இயந்திரத்தால் வடித்தெடுத்த ஆர்.ஓ. தண்ணிக்குப் போய்விடுகிறார். டிஸ்கஸ் தொட்டிக்குக் கிழமையில் இரண்டு மூன்று தரம் தண்ணி மாற்றுகிறவர்களே அதிகம். ஒரு தரத்துக்குப் பாதித் தொட்டி என்று வைத்தாலும் 125 லீற்றர். வீட்டில் பூட்டுகிற சிறிய ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லீற்றர் நல்ல தண்ணி தர இரண்டு மூன்று லீற்றரைக் கழிவாக வெளியே விடும். சிறுநீரக நோய்ப் பயத்தில் சனம் குடிக்கிற தண்ணியையே ஆர்.ஓ. நிலையத்தில் கானில் பிடித்துக்கொண்டு வருகிற ஊர்கள் எங்களிடம் இருக்கின்றன. ஆவணி, புரட்டாசியில் கிணறு கீழே போய்க்கொண்டிருக்கும்போது ஒரு மீன் தொட்டிக்காக இவ்வளவு தண்ணியை வடிகாலில் விட எனக்கு மனம் வராது.

மழைத் தண்ணி பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். பிடிக்கலாம், நல்ல வழிதான். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மாரியில், ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒன்பதாயிரம் லீற்றருக்கு மேல் வரும். சிக்கல் அதை வைகாசி தாண்டியும் நுளம்பு இல்லாமல், பாசி பிடிக்காமல் சேமித்து வைப்பதில்தான். பெரிய மூடிய தாங்கி இருக்கிறவர்களுக்கு டிஸ்கஸ் ஒரு நியாயமான தெரிவு.

கடினமான தண்ணியில் இன்னொரு நன்மை இருக்கிறது, இதை யாரும் கடையில் சொல்வதில்லை. மீன் கழிவின் அமோனியாவை பில்டரில் வாழ்கிற பக்டீரியா நைத்திரேற்றாக மாற்றுகிறது, அந்த வேலையில் தண்ணியின் காரத்தன்மை கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது. மென்மையான தண்ணியில் அந்தக் கையிருப்பு குறைவு, அது தீர்ந்தால் பீஎச் திடீரென்று விழும், பக்டீரியாவும் மந்தமாகும். எங்கள் கிணற்றுத் தண்ணியில் கையிருப்பு ஏராளம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தொட்டித் தண்ணி வற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வற்றும்போது உப்புகள் உள்ளேயே நின்றுவிடும், மேலே கிணற்றுத் தண்ணியை விட விடக் கடினம் ஏறிக்கொண்டே போகும். டிஸ்கஸ் தொட்டியில் இது பெரிய தலையிடி. மலாவித் தொட்டியில் கிழமைக்குக் கால் பங்கு தண்ணியை எடுத்துவிட்டுப் புதிதாக விட்டால் போதும், வெறுமனே மேல் நிரப்பிக்கொண்டு மட்டும் போகக்கூடாது. உப்புக் கரிக்கிற சவர்க் கிணறு என்றால் கதை வேறு, அந்தத் தண்ணியில் நான் இரண்டையும் வைக்க மாட்டேன்.

டிஸ்கஸ் பக்கத்துக்கும் ஒரு பலமான நியாயம் இருக்கிறது, அது வெக்கை. அதற்குப் பிடித்ததே 28 முதல் 30 பாகை. ம்புனாவுக்கு 24 முதல் 28 போதும், சித்திரை வைகாசியில் எங்கள் வீட்டு அறைகளே அதைத் தாண்டிவிடும். 25 பாகைத் தண்ணி லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் வரை ஒட்சிசனைப் பிடித்து வைக்கும், 32 பாகையில் அது 7.3 ஆகக் குறைகிறது. அதைவிட முக்கியமானது அமோனியா. பீஎச் 7, 25 பாகை என்றால் மொத்த அமோனியாவில் நஞ்சாக இருக்கிற பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, பீஎச் 8.5, 30 பாகை என்றால் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. ஆகவே மலாவித் தொட்டியில் பில்டர் பழுக்கும் முன், அதாவது அதில் பக்டீரியா போதிய அளவு வளரும் முன், மீன் விடுவது கொலை. நாலு முதல் ஆறு கிழமை மீன் இல்லாமல் தொட்டியை ஓடவிட்டு, பக்டீரியாவுக்கு அமோனியா கிடைக்க இடைக்கிடை கொஞ்சம் மீன் தீன் போட்டு, ஏற்கெனவே ஓடுகிற ஒரு தொட்டியிலிருந்து ஸ்பொஞ்ச் துண்டு கிடைத்தால் உள்ளே போட்டு, அமோனியாவும் அதிலிருந்து இடையில் உண்டாகிற நைத்திரைற்றும் பூச்சியம் காட்டிய பிறகுதான் மீன்.

வெக்கைக்கு நான் செய்வது எளிது. தண்ணியின் மேல் படும்படி ஒரு சிறிய மின்விசிறி, கூடுதலாக ஒரு காற்றுக் கல், கடும் வெயில் நாட்களில் அரைச் சாப்பாடு. விசிறியால் இரண்டு மூன்று பாகை இறங்கும், தண்ணி கூட வற்றும், அது பரவாயில்லை. ஹீற்றருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கரண்ட் போகிற வேளைக்கு பவர் பாங்கில் ஓடுகிற காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம். அதை ஸ்பொஞ்ச் பில்டரில் கொழுவிவிட்டால் மீனும் பக்டீரியாவும் இரண்டுமே தப்பும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. முத்தையன்கட்டு, இரணைமடு, பாவற்குளம் எல்லாவற்றிலும் நாங்கள் பிடித்துச் சாப்பிடுகிற திலாப்பியாவும் ஆபிரிக்கச் சிக்லிட்தான், 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்தது. மலாவி ஏரியிலிருந்து வெளியேறுகிற ஷயர் ஆற்றின் கீழ்ப்பகுதி அதன் சொந்த ஊர்களில் ஒன்று. ம்புனா போலவே அதன் தாயும் முட்டையை வாயில் காக்கும். ஆபிரிக்க மீன் இந்த மண்ணுக்கு ஒத்துவருமா என்று யாராவது கேட்டால் நான் குளத்தைத்தான் காட்டுவேன்.

தொட்டி அமைப்பில் டிஸ்கஸ்காரருக்கு வேலை குறைவு, வெறும் தளமே போதும் என்கிறார்கள். ம்புனாவுக்குக் கல் வேண்டும், நிறைய வேண்டும், பின்பக்கம் முக்கால் உயரத்துக்குக் குகைகளாக அடுக்க வேண்டும். உள்ளூர்க் கருங்கல்லே தாராளம். பவளக்கல் தேடித் திரிய வேண்டாம், கடலில் எடுப்பது சட்டத்துக்கு விரோதம், எங்கள் தண்ணிக்கு அது தேவையும் இல்லை. முதலில் கல்லை வையுங்கள், பிறகு கழுவிய மணலைக் கொட்டுங்கள். இந்த மீன்கள் மணலைத் தோண்டிக்கொண்டே இருக்கும், மணலின் மேல் நின்ற கல் ஒரு நாள் சரிந்து கண்ணாடியில் விழும்.

மீன் தெரிவில், மஞ்சள் நிற ம்புனாவான யெல்லோ லேப் ஏழெட்டு எடுத்துத் தொடங்குங்கள். மலாவி ஏரிக்கரையில் ந்காட்டா பே பக்கத்து மீன், ம்புனாவுக்குள்ளே சாது. நிறத்தில் அதற்கு முற்றிலும் வேறான ஒன்று, உதாரணத்துக்கு வெளிர் நீலச் சொக்கொலொஃபி, ஆறு வரை சேர்க்கலாம். ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கு. கொஞ்சம் நெருக்கமாக வைப்பதே நல்லது, அப்போதுதான் அடி ஒரே மீனில் விழாமல் பகிர்ந்து போகும். ஔராட்டஸ், கென்யி என்கிற ம்புனா இரண்டும் குட்டியில் கண்ணைப் பறிக்கும், வளர்ந்தால் தொட்டியையே பிடித்துக்கொள்ளும். நாலடித் தொட்டிக்கு வேண்டாம். ம்புனா அல்லாத இன்னொரு மலாவிச் சிக்லிட்டான பீக்கொக் நிறத்தில் உச்சம்தான், ஆனால் ம்புனாவோடு சேர்த்தால் ஒடுங்கிப் போகும், பெண்கள் சாம்பல் நிறம், எது எந்த இனம் என்று பிரிப்பதும் கடினம். பீக்கொக் வேண்டும் என்கிறவர்கள் ஆண்களை மட்டும் தனித்தொட்டியில் வைப்பதே வழி என்று நினைக்கிறேன், அதில் என் அனுபவம் கொஞ்சம்தான்.

சாப்பாட்டில் ம்புனாவுக்குச் செலவு குறைவு. அவை பெரும்பாலும் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கிறவை, எனவே ஸ்பைருலினா என்கிற பாசி கலந்த தீன், இடைக்கிடை அவித்த பசளிக் கீரை. டிஸ்கஸுக்குக் கொடுக்கிற மாட்டு இதயத்தை இதுகளுக்குப் போட்டால் வயிறு ஊதிச் சாகக்கூடும்.

அப்புறம் குஞ்சு. வாயில் முட்டை வைத்திருக்கிற பெண் மூன்று கிழமை அளவு சரியாகச் சாப்பிடாது, தாடை வீங்கியிருப்பதைப் பார்த்தே தெரியும். அதைத் தனியே ஒரு சிறு தொட்டிக்கு மாற்றினால் யெல்லோ லேப் பத்து இருபது குஞ்சு விடும், அரை விரல் நீளம் வந்ததும் கடைகள் வாங்கிக்கொள்கின்றன, தீன் காசு அதிலேயே வந்துவிடுகிறது. கலப்பில்லாத ஒரே இனக் குஞ்சுக்குத்தான் விலை, இரண்டு மூன்று நெருங்கிய இனத்தைக் கலந்து வைத்தவரின் குஞ்சை யாரும் விரும்பி வாங்குவதில்லை. டிஸ்கஸ் குஞ்சு பிடித்தால் ஒன்றே பல மடங்கு விலை போகும் என்பதும் உண்மை, அதற்கு முதலில் அந்த மென்மையான தண்ணி வேண்டும். விற்க முடியாமல் மிஞ்சுகிற குஞ்சை வளர்க்கிற யாருக்காவது கொடுங்கள், தயவு செய்து குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். மாரி வெள்ளத்தில் ஒரு குளம் மறுகுளத்தோடு சேர்கிற நாடு இது, விட்ட மீனைத் திரும்பப் பிடிக்க யாராலும் முடியாது.