புதிய டன்ட்ரா: வாங்குமுன் எஞ்சினைக் கவனியுங்கள்

டொயோட்டா டன்ட்ரா பிக்கப் 2022 மாடலில் அடியோடு மாற்றி வடிவமைக்கப்பட்டபோது, நெடுங்காலம் உழைத்துப் பெயர் வாங்கிய 5.7 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் போய், காற்றை அழுத்திச் செலுத்தும் இரண்டு டர்போக்கள் கொண்ட 3.4 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) வந்தது. ஓட்டிப் பார்த்ததில் இழுவையில் குறை சொல்ல ஏதுமில்லை. பின் சக்கரங்களின் அதிர்வைத் தாங்குவது பட்டை வில்லுக்குப் பதில் சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங் என்பதால், காலி வண்டியும் மேடுபள்ளத்தில் அதிகம் குதிக்கவில்லை.

தயக்கமெல்லாம் எஞ்சினைப் பற்றியதுதான். உற்பத்தியின்போது கடைசலில் உதிர்ந்த துகள்கள் முழுமையாக அகற்றப்படாமல் உள்ளேயே தங்கியிருக்கலாம் என்று கூறி, அமெரிக்காவில் 2022, 2023 மாடல் டன்ட்ராவும் அதே நிறுவனத்தின் சொகுசு வண்டியான லெக்சஸ் எல்எக்ஸும் சேர்த்து ஏறத்தாழ 1,02,000 வண்டிகளை 2024இல் நிறுவனம் திரும்ப அழைத்தது; பிறகு எஞ்சினையே மாற்றித் தரவும் முன்வந்தது. துகள், எஞ்சினின் சுழலும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்கில் சிக்கினால் முதலில் தட்டும் ஓசை கேட்கும், பின்னர் ஓட்டத்திலேயே எஞ்சின் நின்றுவிடவும் கூடும். கதவு இடைவெளி, கிறீச்சிடும் பிளாஸ்டிக் போன்ற புகார்களை இதோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அவை எரிச்சல், இது ஆபத்து.

பழைய வண்டி பார்ப்பவர்கள் 17 இலக்க வாகன அடையாள எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் இட்டு, வண்டி திரும்ப அழைக்கப்பட்டதா என்று சரிபார்த்துவிட்டு, வேலை முடிந்ததற்கான பணிமனைச் சீட்டையும் கேட்டு வாங்க வேண்டும். அழைப்புப் பட்டியலில் இருந்தும் வேலை முடியாத வண்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் தொடமாட்டேன்.